செவலைக்கு ஏன் அடிக்கடி வயிற்று வலி வருகிறது?

பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ஜட்கா ஓட்டியவர். இப்போது கணவர் ஒரு பெண் குதிரையை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகிறார். அந்தியூர் சந்தையில் வாங்கியது, ஒன்பது வயது, பெயர் செவலை. ஓராண்டாக அதற்கு வயிற்று வலி விட்டு விட்டு வருகிறது. முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது, படுத்துப் படுத்து எழுகிறது. ஒவ்வொரு முறையும் கணவர் விளக்கெண்ணெய் ஊற்றுகிறார். மருந்துக் கடையில் வாங்கிய வலி ஊசியைத் தெரிந்தவர் ஒருவர் போடுகிறார். இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது, பிறகு மறுபடி வருகிறது. "அதுக்கு வயிறு ரொம்ப மென்மை என்கிறார்கள். நிரந்தரமாகக் குணமாக என்ன மருந்து? கொள்ளை நிறுத்தணுமா? இல்லை, விற்றுவிடுவதுதான் நல்லதா?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

வலி வந்த நாட்களையெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, அதையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது அந்த வட்டங்கள்தான். ஆவணியில் ஒன்று, புரட்டாசிக் கடைசியில் ஒன்று, தையில் இரண்டு, வைகாசியில் இரண்டு. ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றுகூட இல்லை. புரட்டாசி வட்டத்தைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். மீதி ஐந்தும் முகூர்த்த மாதங்கள். வலி வந்த நேரமும் நள்ளிரவு அல்லது மறுநாள் விடியல். குதிரைக்கு இயல்பிலேயே வயிறு கெட்டிருந்தால் ஆடியில் மட்டும் அது நன்றாக இருக்குமா?

முகூர்த்த நாளில் என்ன நடக்கிறது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊர்வலத்தில் லத்தி போட்டுவிடக் கூடாது என்று பகல் பன்னிரண்டு மணிக்கே தீனியை நிறுத்திவிடுகிறீர்கள். குடியாத்தமோ ஆம்பூரோ போய், பேண்டு வாத்தியமும் வெடிச் சத்தமும் கேட்டபடி நின்று, வீடு திரும்ப இரவு பதினொன்று, பன்னிரண்டு ஆகிறது. பாவம் பட்டினியாக இருக்கிறதே என்று வந்தவுடன் இரண்டு கிலோ கொள்ளை வேகவைத்துத் தவிட்டோடு வைக்கிறீர்கள். நீங்கள் பாசத்தோடு செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் செவலையின் நோய் அந்தப் பன்னிரண்டு மணி நேரப் பட்டினியிலும் அதன் பின்னால் வரும் அந்த ஒரு வேளைத் தீனியிலும்தான் இருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் எந்த மருந்தைக் கொடுத்தாலும் நிற்காது.

மாட்டின் வயிறும் குதிரையின் வயிறும் ஒன்றல்ல. மாடு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் பெருவயிற்றில் தீனியை நிரப்பிக்கொண்டு, படுத்து அசைபோடும். குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்வதற்கென்றே அமைந்த உடம்பு அது. அதனால் தின்றாலும் தின்னாவிட்டாலும் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தை ஆற்றுவது எச்சில். குதிரைக்கு எச்சில் சுரப்பது மெல்லும்போது மட்டும்தான். புல்லை மெல்ல மெல்ல எச்சில் இறங்கும், புல்லும் ஒரு மெத்தை போல அமிலத்தின் மேல் மிதந்து அதை அடக்கி வைக்கும். தீனி நின்று ஆறு மணி நேரம் தாண்டினால் மெத்தையும் இல்லை, எச்சிலும் இல்லை. இரைப்பையின் மேல்பாதிக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு கிடையாது. வெறும் வயிற்றோடு குதிரையை நடத்தினால், ஆட வைத்தால், அமிலம் தளும்பி அந்த மேல்பாதியை அரிக்கும். அங்கே புண் வரும். பல நாடுகளில் பந்தயக் குதிரைகளை எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தபோது பாதிக்கு மேல் குதிரைகளுக்கு இந்தப் புண் இருந்தது. அவற்றுக்கும் இதே கதைதான்: புல் குறைவு, தானியம் அதிகம், வெறும் வயிற்றில் வேலை.

செவலைக்குப் புண் இருக்கலாம் என்று நான் சந்தேகப்பட உங்கள் கடிதத்திலேயே மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. கொள்ளை முகர்ந்துவிட்டு விலகி, வைக்கோலை மட்டும் கடிக்கிறது என்கிறீர்கள். சேணத்தின் வாரை இறுக்கும்போது முன்பெல்லாம் சும்மா நிற்கும், இப்போது கடிக்க வருகிறது என்கிறீர்கள். ரோமம் மினுமினுப்பு இல்லாமல் போய்விட்டது என்கிறீர்கள். வாரை இறுக்கினால் கடிக்க வருவதைத் திமிர் என்று நினைத்து உங்கள் கணவர் அடித்திருந்தால், இனிமேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது வலியில் செய்வது.

இனி அந்த நள்ளிரவுக் கொள்ளு. கொள்ளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாவுச்சத்து. ஒரு வேளைக்குக் குதிரையின் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்துதான் சிறுகுடலால் பக்குவமாகச் செரிக்க முடியும். செவலையின் எடை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 148, நீளம் 160 என்றால் சுமார் 295 கிலோ. நம் பக்கத்துக் குதிரைகள் பலவும் அந்தச் சுற்றுவட்டம்தான், அதனால் 300 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு வேளைக்கு 300 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான கொள்ளு. நீங்கள் வைப்பது அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் காய்ந்த வயிற்றில். செரிக்காத மாவு வழிந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே நாரைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. மாவு போய் விழுந்ததும், சித்திரை வெயிலில் தோசை மாவு பொங்குவது போல அந்த இடமே புளித்துப் பொங்குகிறது. காற்று அடைக்கிறது, குடல் உப்புகிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழே இறங்கியே தீர வேண்டும். விடியற்காலையில் செவலை படுத்துப் படுத்து எழுவது இதனால்தான்.

ஆகவே, கொள்ளை நிறுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: அடியோடு நிறுத்த வேண்டாம், குறையுங்கள். வேளைக்கு அரை கிலோ, நாளுக்கு இரண்டு வேளை போதும். எப்போதும் புல் தின்ற பிறகே கொள்ளு. ஊறவைத்து வேகவைத்தது நல்லதுதான், ஆனால் வேலூர் வெயிலில் காலையில் வேகவைத்ததை இரவுக்கு எடுத்து வைக்காதீர்கள். புளிப்பு வாடை அடித்தால் கீழே கொட்டிவிடுங்கள். இந்தக் குறைப்பையும் ஒரே நாளில் செய்யாமல் பத்துப் பதினான்கு நாட்களில் படிப்படியாகச் செய்யுங்கள். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். புதுப் புல், புது வைக்கோல், எது மாறினாலும் இதே கணக்குதான்.

"லத்தி போட்டுவிட்டால் கல்யாண வீட்டார் முகம் சுளிக்கிறார்கள்" என்ற உங்கள் கவலை நியாயமானது. பிழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குதிரை தின்றது லத்தியாக வெளியே வர ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். வெள்ளிக்கிழமை மாலை ஊர்வலத்தில் அது போடும் லத்தி, புதன், வியாழனில் தின்றது. வெள்ளிக்கிழமை பகலில் தீனியை நிறுத்துவதால் அன்று மாலை லத்தி நிற்கவே நிற்காது. பட்டினி போட்ட நாட்களிலும் அது லத்தி போடாமலா இருந்தது? உங்கள் கணவரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு முறமும் ஒரு சாக்குமாகப் பையன் ஒருவன் பின்னால் நடந்தால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

முகூர்த்த நாளில் இனி இப்படிச் செய்யுங்கள். வண்டியில் ஏற்றும் வரை புல் அதன் முன்னால் இருக்கட்டும். டெம்போவிலும் ஒரு கட்டுப் புல் போகட்டும், போகிற வழியெல்லாம் கடித்துக்கொண்டே வரட்டும். சேணம் கட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு கை குதிரை மசால் கொடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தை ஆற்றும். உங்கள் கொல்லையில் தண்ணீர் பாயும் இடம் கொஞ்சம் இருந்தால் நீங்களே ஒரு பாத்தி போட்டுக்கொள்ளலாம், வெட்ட வெட்டத் துளிர்க்கும். மண்டபத்தில் காத்திருக்கும்போதும் புல் கட்டை எடுத்து வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் காட்டுங்கள். வீடு திரும்பியதும் மூச்சு நிதானப்படும் வரை மெல்ல நடத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை கொடுத்து, பிறகு புல் போட்டுவிட்டு நீங்கள் போய்ப் படுங்கள். கொள்ளு மறுநாள் காலையில்.

சாதாரண நாளின் தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஏழுக்கு ஒன்று, மாலை ஏழுக்கு ஒன்று, இரவு கொஞ்சம் வைக்கோல் என்ற உங்கள் முறையில் செவலையின் வாய் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது. ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை காய்ந்த எடைக் கணக்கில் புல் உள்ளே போக வேண்டும். 300 கிலோ குதிரைக்கு அது 4.5 முதல் 6 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் பச்சையாகவே கொடுத்தால் 20 கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கும். அருகு கலந்த வரப்புப் புல், கோ-4 மாதிரியான நேப்பியர் புல், நன்றாக உலர்ந்த புல், இவற்றைக் கலந்து நாலைந்து முறையாகப் பிரித்துப் போடுங்கள். கடைசிப் பங்கு நீங்கள் தூங்கப் போகும் நேரத்தில் இருக்கட்டும். வெட்டிய புல்லைக் குவியலாக விட்டால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும், பரப்பி வையுங்கள். நெல் வைக்கோலை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடாதீர்கள். அது முரடு, சத்தும் குறைவு. வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்கு வெறும் வைக்கோல் மட்டும் போட்டால் பெருங்குடல் திரும்பும் இடத்தில் கட்டியாக அடைத்துக்கொள்ளும். பச்சைச் சோளப் பயிர் மாட்டுக்கு ஆகலாம், குதிரைக்கு வேண்டாம். சிறுநீர்ப்பையையும் பின்னங்கால்களையும் கெடுக்கும்.

தவிட்டைப் பலர் மலமிளக்கி என்று நினைத்து வாரம் ஒரு முறை கூழாகக் கரைத்து வைக்கிறார்கள். அது மலமிளக்கி அல்ல. வாரத்தில் ஒரு நாள் திடீரென்று தீனியை மாற்றுவதுதான் அதில் நடக்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், நேப்பியர் புல்லிலோ ஆக்சலேட் இருப்பதால் சுண்ணாம்புச் சத்து உடம்பில் ஒட்டாது. இரண்டையும் மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகத்தெலும்பு வீங்கும் நோய் வரும். அதனால் தவிட்டைக் குறையுங்கள், குதிரை மசாலைக் கூட்டுங்கள், தாது உப்புக் கலவை எது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இப்போ மாட்டுத் தீவனம் ஒரு படி சேர்க்கிறோம்" என்று. அதை இன்றைக்கே நிறுத்துங்கள். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின் போன்ற மருந்து சேர்க்கப்படுகிறது. மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. பக்கத்து வீட்டில் கோழித் தீவன மூட்டை இருந்தால் செவலை கட்டவிழ்த்துப் போய் வாய் வைக்க முடியாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் புரட்டாசி வட்டம். அந்த மாதம் கல்யாணம் இல்லை, பட்டினியும் இல்லை, ஆனாலும் வலி வந்தது. அதே பக்கத்தில் "மல்லாட்டைக் கொடி ஒரு வண்டி வந்தது, பதினைந்து நாள் அதுதான் தீனி" என்று எழுதியிருக்கிறீர்கள். மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலம் அது. வேரோடு பிடுங்கிய கொடியில் மண் ஒட்டியிருக்கும். அதைத் தரையிலேயே போட்டிருப்பீர்கள், தரையும் பாலாற்றங்கரை மணல் தரை. தின்னும்போது மணலும் சேர்ந்து உள்ளே போய்ப் பெருங்குடலின் அடியில் படிந்துவிடும். தானாகச் சீக்கிரம் வெளியே வராது. உறுத்தும், வயிறு இளகும், சில சமயம் மொத்தமாக அடைக்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தரையில் படாமல் எடுத்த லத்தி உருண்டை ஐந்தாறை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். நார் மேலே மிதக்கும், மணல் அடியில் படியும். சில நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை செய்யுங்கள், ஏனென்றால் மணல் தினமும் ஒரே மாதிரி வராது. ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டி அளவு படிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இசப்கோல் உமியை உடல் எடை கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் ஒரு வாரம் தொடர்ந்து கொடுக்கச் சொல்லலாம், நிறைய இருந்தால் மூக்குக் குழாய் வழியாக மருந்து செலுத்தலாம். மணல் இருக்கிறதோ இல்லையோ, இனி தரையில் தீனி போடாதீர்கள். சிமெண்டுத் தளம் போட்டு, தாழ்வான அகலத் தொட்டியில் போடுங்கள். குதிரைக்குத் தலை குனிந்து தின்பதுதான் சுகம், தொட்டியை உயரத்தில் கட்ட வேண்டாம். கொடி கொடுக்க வேண்டுமென்றால் வேர்ப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உதறி, மற்றப் புல்லோடு கலந்து கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த கொடி ஒரு பிடிகூட வேண்டாம்.

தண்ணீரை நீங்களே வாயில் விட்டுப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாலாற்றை ஒட்டிய பல போர்வெல்களில் இன்றும் தண்ணீர் கரிக்கிறது. கரித்தால் குதிரை தேவைக்குக் குறைவாகத்தான் குடிக்கும். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் காட்டுங்கள். இன்னொன்று, மாடியில் கறுப்புத் தொட்டியில் கொதித்த தண்ணீரையும் அது குடிக்காது. நிழலில் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்து, தினம் கழுவி நிரப்புங்கள். 300 கிலோ குதிரை சாதாரண நாளில் 15 முதல் 20 லிட்டர் குடிக்கும், அக்கினி நட்சத்திரத்தில் அதைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. எத்தனை வாளி காலியாகிறது என்று எண்ணுங்கள். கல் உப்பு ஒரு நாளைக்கு 30 கிராம் தீனியில் சேருங்கள், வியர்த்து வேலை செய்த நாளில் கொஞ்சம் கூடுதலாக.

வலி ஊசி பற்றி நான் கண்டிப்பாகத்தான் எழுத வேண்டும். நீங்கள் சொல்லும் ஊசி வகையெல்லாம் வலியை மறைக்கும், அதே நேரத்தில் இரைப்பையையும் பெருங்குடலையும் காக்கும் சுரப்பைக் குறைக்கும். புண் இருக்கிற வயிற்றுக்கு மறுபடி மறுபடி அதைப் போட்டால் புண் ஆழமாகும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. குடல் முறுக்கிக்கொண்ட குதிரைக்கும் ஊசி போட்டால் சில மணி நேரம் அமைதியாக நிற்கும். அந்தச் சில மணி நேரம்தான் அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நேரம். குதிரையை நேரில் பார்த்த டாக்டர் போட்டால் போடட்டும், மற்றவர் கையால் இனி வேண்டாம். விளக்கெண்ணெயும் அப்படியே. தலையைத் தூக்கிப் பிடித்து வாயிலோ மூக்கிலோ ஊற்றும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்று வலி இரண்டு மணி நேரத்தில் போய், ஒரு வாரத்தில் நுரையீரல் அழற்சியில் குதிரை போய்விடும். எண்ணெய் தேவைப்பட்டால் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு நேராக இரைப்பையில் இறக்குவார். அதே குழாய் வழியாகத்தான் உள்ளே தேங்கிய நீரும் காற்றும் வெளியே வரும்.

புண்ணுக்கு மருந்து உண்டு. ஒமிப்ரசோல் என்ற மருந்து, வழக்கமாக நான்கு வாரம், காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத் தீனி. ஆனால் மனிதர் சாப்பிடும் 20 மில்லிகிராம் மாத்திரையில் இரண்டைக் கொள்ளில் கலந்து கொடுத்துவிட்டு "கேட்கவில்லை" என்பவர்கள் உண்டு. குதிரைக்கு வழக்கமான சிகிச்சை அளவு கிலோவுக்கு 4 மில்லிகிராம். 300 கிலோவுக்கு 1,200 மில்லிகிராம் ஆகிறது, அறுபது மாத்திரை. மாத்திரைக்குள் இருக்கும் மணிகளை நசுக்கினால் அமிலத்தில் அழிந்தே போகும். ஆகவே எந்த வடிவில், எவ்வளவு, எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பது நிச்சயமான வழி. அது முடியாத இடத்தில் தீனி முறையை மாற்றி, மருந்தும் கொடுத்துப் பார்த்து, குணம் தெரிகிறதா என்று கணிப்பதும் டாக்டர்கள் செய்வதுதான்.

பல்லையும் பூச்சியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புல்லைப் பாதி மென்று உருண்டையாகத் துப்புகிறதா, லத்தியில் நீளநீளமாக நார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைவாய்ப் பல் கூர்மையாகிவிட்டது, அரம் போட்டுத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காமல், புது லத்தியைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய் முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொல்லி அதன்படி கொடுங்கள். நாடாப்புழு, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வலியை உண்டாக்கும், சாதாரணப் பரிசோதனையில் அது தப்பிவிடும் என்பதால் அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட விடாதீர்கள். குதிரைக்கு வாய் வழியாகக் கொடுக்கும் பசை தனியாக இருக்கிறது.

செவலை தனியாகக் கட்டிக் கிடக்கிறது என்பதும் எனக்கு உறுத்துகிறது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனிமையும் பயமும் அதன் வயிற்றைப் பாதிக்கும். இன்னொரு குதிரை வாங்க எல்லோராலும் முடியாது. ஒரு வெள்ளாட்டைப் பக்கத்தில் கட்டினாலும் பல குதிரைகள் அதோடு ஒட்டிக்கொள்ளும். வேலை இல்லாத நாளில் கட்டிலேயே நிற்க விடாமல் காலையும் மாலையும் நடத்துங்கள், குடல் அசைவதற்கு நடை வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் ஒரு நாள் வலி வரலாம். அப்போது முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுங்கள். தீனியை எல்லாம் எடுத்துவிடுங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் நாடி தட்டும். நன்றாக இருக்கும் நாளிலேயே தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. ஈறு வெளிர்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கி எடுத்தால் இரண்டு நொடியில் நிறம் திரும்ப வேண்டும். விலா எலும்பு முடிந்து தொடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் இரண்டு பக்கமும் காது வைத்துக் கேளுங்கள், குடல் உறுமும் சத்தம் கேட்க வேண்டும். கடைசியாக எப்போது லத்தி போட்டது என்று பாருங்கள். இந்த நான்கையும் போனில் சொன்னால் டாக்டர் வரும்போதே ஆயத்தமாக வருவார். உருண்டு அடிபட்டுக்கொள்ளாமல் இருக்கப் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடத்தலாம். மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அமைதியாகப் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும்.

நாடி 60-ஐத் தாண்டினால், ஈறு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறினால், வயிற்றில் சத்தமே இல்லையென்றால், டாக்டர் ஊசி போட்டும் ஒரு மணி நேரத்தில் வலி திரும்பினால், காத்திருக்காதீர்கள். மிகவும் துடித்துக்கொண்டிருந்த குதிரை சட்டென்று அமைதியாகிக் குளிர்ந்த வியர்வையோடு நின்றால், அது குணம் அல்ல, உள்ளே குடல் கிழிந்திருக்கலாம். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பள்ளிகொண்டாவிலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம். குதிரையை ஏற்றத் தெரிந்த டெம்போக்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள், நள்ளிரவில் தேட முடியாது.

விற்றுவிடலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம் என்பதே என் கருத்து. ஒன்பது வயது குதிரைக்கு நடுவயதுதான். நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புல்லும் தண்ணீரும் நேரமும்தான் செலவு. இந்த வலியோடு விற்றால் வாங்குபவர் அதே கொள்ளையும் அதே ஊசியையும்தான் கொடுப்பார். அடுத்த முகூர்த்த மாதம் வரை இந்த முறையை விடாமல் செய்யுங்கள். காலண்டரில் வட்டம் போடுவதை நிறுத்தாதீர்கள், இனி வட்டத்துக்குள் அன்று தீனி நின்ற நேரம், மறுபடி வைத்த நேரம், வாளிக் கணக்கு மூன்றையும் எழுதுங்கள். லத்தி முட்டைப் பரிசோதனை முடிவும் பாட்டிலில் எவ்வளவு மணல் படிந்தது என்பதும் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். மணல் நிறையத் தெரிந்தால் மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரை அழையுங்கள்.